சுதாகர் செய்த பிழை

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு ஒருத்திக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்பாக்கத்தில் இருக்கும் சுவேதாவின் அம்மாவே நம்பவில்லை. "இதுக்கா எம்.இ. படிக்க வச்சோம்?" என்று கேட்டாள். ஆனால் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அடுத்த தொழில்பேட்டையில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், அந்த வாரம் முழுக்கச் சுவேதா செய்துகொண்டிருந்த வேலை அதுதான்.

ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பத்து இருபது போலிக் கம்ப்யூட்டர்களை உண்டாக்கி, ஒவ்வொன்றும் தன்னைத் தனி இயந்திரம் என்றே நம்பும்படி நடத்துகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. அது யாருக்கும் சொந்தமில்லை. உலகத்தின் நாலா மூலையிலும் இருப்பவர்கள் சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். சுவேதாவின் கம்பெனி தன் பங்குக்குச் சிலரை அந்த வேலைக்கென்றே வைத்திருந்தது. போலிக் கம்ப்யூட்டருக்கு டிஸ்க்கும் போலிதான். நிஜமான டிஸ்க் வேறொரு அறையிலோ வேறொரு கட்டடத்திலோ இருக்கும். நடுவில் நெட்வொர்க். "இதைப் பத்திரமாக எழுதி வை" என்று போலிக் கம்ப்யூட்டர் கேட்டால், நிஜ டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் "ஆயிற்று" என்று பதில் வர வேண்டும். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பாங்கும் ஆஸ்பத்திரியும் ரயில் டிக்கெட்டும் நடக்கின்றன.

அந்த வார்த்தை எப்போதாவது பொய்யாக வந்தது. நெட்வொர்க் அறுந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும் சமயத்தில், எழுதாமலேயே "ஆயிற்று" என்றது. அதே நேரம் அந்தப் பக்கம் கரண்ட்டும் போனால் எல்லாம் தொலைந்தது. பெரு நாட்டில் ஏதோ ஒரு மலையூரில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் பெண்மணி ஒருவர் அப்படித்தான் ஒரு காலைப்பொழுதின் முடிவுகள் அத்தனையையும் இழந்திருந்தார். வந்துபோனவர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டு மறுபடி ஊசி குத்தி ரத்தம் எடுத்ததாக இவர்களுக்கு மெயிலில் எழுதியிருந்தார். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்களாம். கோபமே இல்லாமல் எழுதியிருந்தார். அதுதான் சுவேதாவை அதிகம் உறுத்தியது.

கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிக் கடைசியில் பிழை கையில் சிக்கியது. திருத்தம் என்னவோ சில வரிகள்தான். இந்தப் பிழை எந்த மாற்றத்தால் உள்ளே வந்தது என்று பார்க்க, பழைய மாற்றங்களில் ஒவ்வொன்றாகப் பின்னால் போனாள். கிடைத்தது. எழுதியவர் பெயரை இரண்டு தரம் படித்தாள்.

சுதாகர்.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். நெம்மேலிக் குப்பத்திலிருந்து தினம் பைக்கில் வந்துபோனவன். அப்பா கடலுக்குப் போகிறவர். இவன் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈ.சி.ஆரில் ஒரு வேன் அவனை இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. அவன் கடைசியாக எழுதிச் சேர்த்த மாற்றம் இதுதான். அதற்கு முன்பெல்லாம் நெட்வொர்க் அறுந்தால் போலிக் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றுவிடும். அறுந்த இடத்தில் திரும்ப ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர வைத்தவன் அவன்தான். அந்த ஒட்டுப்போடும் வேலையில் ஒரே ஒரு இடத்தில் சறுக்கிவிட்டான்.

அவன் போன பிறகு வந்த அந்த மென்பொருளின் புதுப் பதிப்பை அவன் நினைவுக்குச் சமர்ப்பணம் செய்தார்கள். இரங்கல் கூட்டத்தில் கம்பெனி ஒரு கேடயம் செய்து அவன் மனைவி வச்சலா கையில் கொடுத்தது. மேலே அவன் பெயர், கீழே அந்தக் கடைசி மாற்றத்தின் அடையாள எண். எழுத்தும் எண்ணும் கலந்து வரும் அந்த வரிசை ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக உண்டு. அதைக் கேடயத்தில் பொறிக்கலாம் என்று யோசனை சொன்னதே சுவேதாதான். செத்தவர்களுக்குச் செய்கிற மரியாதையில் நாம் எப்போதும் கொஞ்சம் அவசரப்பட்டுவிடுகிறோம்.

இந்த மென்பொருள்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திருத்தம் அனுப்பும்போது அதன் அடியில் 'ஃபிக்ஸஸ்' என்று போட்டு, எந்த மாற்றத்தால் பிழை வந்ததோ அதன் எண்ணையும் தலைப்பையும் எழுத வேண்டும். யாரையும் திட்டுவதற்காக இல்லை. ஆனால் ஊரறியப் பொதுவில் போகும், என்றைக்கும் அழியாது. பிழை செய்தவர் "ஆமாம், என் தப்புதான், நன்றி" என்று ஒரு வரி பதில் போடுவார். அத்தோடு சரி. சுவேதா அப்படி எத்தனையோ பதில் போட்டிருக்கிறாள். சுதாகரும் போட்டிருக்கிறான். பிழை செய்தவர் செத்துப்போயிருந்தால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

அந்த வரி இல்லாமலேயே திருத்தத்தை அனுப்பிவிட்டாள் சுவேதா.

செங்கல்பட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஜெபகுமார்தான் டிஸ்க் சம்பந்தப்பட்ட பகுதிக்குப் பொறுப்பாளர். எந்தத் திருத்தமும் அவர் பார்த்துத் தலையாட்டினால்தான் உள்ளே போகும். மறுநாள் காலையில் போன் செய்தார்.

"திருத்தம் சரியா இருக்கு சுவேதா. ஃபிக்ஸஸ் வரி எங்கே?"

"அந்தப் பழைய மாற்றம் சுதாகர் எழுதினது சார்."

"தெரியும்மா. பார்த்தேன்."

"தெரிஞ்சுமா கேக்கறீங்க?"

"அந்த வரியைப் பார்த்துதானே பழைய வெர்ஷன் வச்சிருக்கிறவங்க இந்தத் திருத்தத்தை எடுத்துப்பாங்க? வரி இல்லன்னா புதுசுக்கு மட்டும்தான் போகும். பெருவுல அந்த அம்மா வச்சிருக்கிறது பழசு."

"அவங்களுக்கு நான் தனியா மெயில் போட்டுச் சொல்லிடறேன் சார்."

"அவங்களுக்குச் சொல்லிடுவே. நமக்கு மெயில் எழுதத் தெரியாதவங்களுக்கு யாரு சொல்றது?"

சுவேதா அந்தப் பெரு நாட்டு மெயிலை மறுபடி திறந்தாள்.

"அவன் கல்யாணத்துக்கு நானும்தான் போனேன்," என்றார் ஜெபகுமார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. யோசிச்சு அனுப்பு."

யோசிக்க என்ன இருக்கிறது? யாரோ ஒரு குழந்தைக்கு இரண்டாம் தரம் ஊசி குத்துவதைவிட இறந்தவன் பெயர் பெரிதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அது அவளுக்கும் தெரியும். அவள் பயமெல்லாம் வச்சலாவைப் பற்றித்தான். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அந்தக் கேடயம் டிவிக்கு மேலே துணி விரித்து வைத்திருந்தது. வந்தவர்களிடமெல்லாம் வச்சலா அதைக் காட்டினாள். புருஷன் என்று அவளிடம் மிச்சமிருந்தது அவ்வளவுதான். அதில் போய் எப்படிச் சேற்றைப் பூசுவது? ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், பக்குவமாகப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். திருத்தத்தை அதுவரை தள்ளிப்போட மனசு கேட்கவில்லை. வச்சலா எங்கே இந்த மெயிலையெல்லாம் பார்க்கப்போகிறாள்?

வெள்ளிக்கிழமை காலை, ஃபிக்ஸஸ் வரியைச் சேர்த்து இரண்டாம் முறை அனுப்பினாள். முதல் தடவைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அடியில் குறிப்பு எழுதுவதும் வழக்கம். அதில், "இந்த வரியை முன்பு வேண்டுமென்றே விட்டிருந்தேன். அந்த மாற்றத்தை எழுதியவர் காலமாகிவிட்டார். அவர் பெயரோடு இப்படி ஒரு பிழையைச் சேர்க்க மனம் வரவில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதி முடித்தபோது கண் கலங்கியிருந்தது. அதே கலக்கத்தோடு, மெயிலைத் தானே அனுப்பிவிடும் ஸ்கிரிப்ட் என்ற குட்டி நிரலை ஓட விட்டாள்.

அந்த ஸ்கிரிப்ட் ஒரு விசுவாசமான பிராணி. ஃபிக்ஸஸ் வரியில் எந்த எண் இருக்கிறதோ, அதை எழுதியவரின் மெயில் முகவரியைத் தானே தேடி எடுத்து அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடும். பிழை செய்தவருக்குத் தெரிய வேண்டுமல்லவா? பல வருஷமாகச் சுவேதா பயன்படுத்தும் ஸ்கிரிப்ட்தான். முதல் தடவை அந்த வரி இல்லாததால் அது சும்மா இருந்தது. இந்தத் தடவை தன் கடமையைச் செய்துவிட்டது. யார் யாருக்குப் போனது என்ற வரிசையில் சுதாகரின் சொந்த மெயில் முகவரியைப் பார்த்தாள் சுவேதா. அப்படி ஒரு முகவரியே இல்லை என்று மெயில் திரும்பி வந்துவிடும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போகும்போது வச்சலாவிடமிருந்து மெசேஜ் வந்தது. "வூட்டுக்கு வா. இன்னிக்கே."

சாப்பிடாமலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செங்கல்பட்டு வந்து, திருப்போரூர் ரோட்டைப் பிடித்து, அங்கிருந்து நெம்மேலிக்குத் திரும்பினாள். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையின் மதில் வந்தபோது சேர்த்துவைத்த வார்த்தை ஒன்றுகூட மிச்சமில்லை.

வச்சலா கரையில் ஏலத்துக்கு மீன் எடுத்து மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குக் கொடுக்கிறவள். வாசலில் தெர்மகோல் பெட்டியில் சங்கரா மீனை அடுக்கி ஐஸைப் போட்டுக்கொண்டிருந்தாள். சுவேதாவைப் பார்த்ததும் வா என்று சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். சுவேதா பின்னாலேயே போனாள்.

"அவரு ஃபோனுக்கு இன்னும் ரீசார்ஜ் பண்ணிகினுதான் கீறேன்," என்றாள் வச்சலா. "கேஸ் கம்பெனி, லோன் கம்பெனின்னு எவன் எவனோ மெயில் போடுவான். இன்னிக்கு உங்க ஆபீஸ்லேர்ந்து வந்துது. தொறந்து பாத்தா இந்த நம்பரு கீது." டிவி மேலிருந்த கேடயத்தைக் காட்டினாள். "டெய்லி தொடைக்கிறேன். எனக்கு மனப்பாடம்."

"அக்கா, நான் ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து..."

"இரு. நான் கேக்கறேன், நீ சொல்லு. இங்கிலீஷ ஃபோன்லயே தமிழாக்கிப் பாத்தேன். பாதி ஒண்ணும் பிரியல, பேஜாரா கீது. ஒரு வரி மட்டும் நல்லா பிரிஞ்சிது. அவரு பேரோட சேக்க மனசு வரலன்னு. அத்த எழுதுனது நீயா?"

"ஆமாக்கா."

"அவரு தப்பு பண்ணாரா இல்லியா?"

சுவேதா தலையைக் குனிந்துகொண்டாள். "பண்ணிட்டாருக்கா. சின்ன..."

"சின்னதா பெர்சா?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் எதற்கும் உதவவில்லை. உள்ளதை அப்படியே சொன்னாள். டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "எழுதாமயே எழுதிட்டேன்னு சொல்லிடுதுக்கா" என்று மட்டும் சொன்னாள். பெரு நாட்டு நிலையத்தைப் பற்றியும், மறுபடி ஊசி குத்தியதைப் பற்றியும் சொன்னாள். வச்சலா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"கொயந்தைங்களுக்கும் குத்துனாங்களா?"

"ஆமாக்கா."

"அவருக்குத் தெரிஞ்சிருந்தா சோறு எறங்கியிருக்காது," என்றாள் வச்சலா. பிறகு குரல் ஏறியது. "இத்த நீ இன்னாத்துக்கு மறைச்ச?"

"உங்களுக்காகத்தான்க்கா. உங்க மனசு கஷ்டப்படும்னு."

"எனக்கோசரமா, உனக்கோசரமா?"

இந்தக் கேள்வியைச் சுவேதா தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. சுதாகர் தப்பே செய்யாத ஒருவனாக அந்தப் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது யார் என்று யோசித்துப் பார்த்தாள். பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வச்சலா தரையில் உட்கார்ந்தாள்.

"அவரு செத்த அன்னிலேர்ந்து பாக்கறேன். எல்லாரும் சேந்து அவர சாமியாக்கிட்டீங்க. தங்கமான மனுசன், ஒரு சொல்லு சொல்ல மாட்டாருன்னு. சொல்ல மாட்டாரா? எங்கூட எப்டி சண்ட போடுவாரு தெரியுமா? கோவம் வந்தா சாப்ட தட்ட கெணத்தாண்ட போட்டுட்டுப் போய்டுவாரு. கரண்ட் பில்லு கட்டறேன்னு சொல்லிட்டு மறந்துடுவாரு. எங்க தம்பி கல்யாணத்துக்குத் தேதிய மாத்தி நெனச்சிகினு மறுநா பட்டுச் சட்டையோட வந்து நின்னாரு. இத்தலாம் நான் யாராண்ட சொல்றது? சொன்னா, செத்த மனுசனப் பத்தி இன்னா பேச்சுன்றாங்க. மாமனாரே மூஞ்ச திருப்பிக்கிறாரு. தப்பு பண்ற மனுசன் ஒருத்தருதான் எங்கூட வாழ்ந்தாரு சுவேதா. அவரக் காணோம். ரெண்டு வருசமா வூடு பூரா தேடிகினு கீறேன். இந்தக் கேடயத்துலகூட அவரு இல்ல."

சுவேதா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"இன்னிக்குத்தான் அவரு செஞ்ச வேலையில தப்புன்னு ஒரு மெயில் வந்துது," என்றாள் வச்சலா. "ஆபீஸ்ல அவர இன்னும் ஒரு ஆளா மதிச்சு கேக்கறாங்கன்னு நெனச்சேன். கீய படிச்சிகினே போனா, பேர சேக்க மனசு வரலன்னு நீ எழுதிகீற. அத்த அழிச்சிடு."

"அனுப்புனத அழிக்க முடியாதுக்கா. அது எப்பவும் அங்கதான் இருக்கும்."

"அப்ப, இதுமாரி வந்தா அவரு இன்னா பண்ணுவாரு?"

"'ஆமா, என் தப்புதான், நன்றி'ன்னு ஒரு வரி பதில் போடுவாரு. அதான் வழக்கம்."

"போடறேன்."

"அவர் பேர்ல போடக் கூடாதுக்கா. ஒருத்தருக்காக இன்னொருத்தர் கையெழுத்துப் போடறது அங்க பெரிய தப்பு."

"அவரு பேர்ல நான் ஏன் போடறேன்? எனக்குப் பேரு இல்லியா?"

வச்சலா தன் போனை எடுத்துத் தமிழிலேயே தட்டினாள். நிறுத்தி நிறுத்தி, அழித்து அழித்து எழுதினாள். சுவேதா எட்டிப் பார்க்கவில்லை. முடித்துவிட்டுப் போனை நீட்டினாள். பேசுகிற தமிழ் இல்லை அது. பன்னிரண்டாம் வகுப்புவரை படித்த பெண் பரீட்சைத் தாளில் எழுதுவதுபோலத் திருத்தமாக எழுதியிருந்தாள்.

"வணக்கம். என் பெயர் வச்சலா. சுதாகர் என் கணவர். இந்தத் தவற்றை அவர்தான் செய்தார். அவர் உயிருடன் இருந்திருந்தால் அவரே ஒப்புக்கொண்டிருப்பார். இரண்டாம் முறை ரத்தம் கொடுத்தவர்களிடம் அவர் சார்பாக இல்லை, என் சார்பாக மன்னிப்புக் கேட்கிறேன். சரிசெய்த சுவேதாவுக்கு நன்றி. அந்த வரியிலிருந்து அவர் எண்ணை எடுக்க வேண்டாம்."

சுவேதா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிறகு அடியில் ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதினாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அனுப்பும் பொத்தானை வச்சலாவே அழுத்தினாள்.

ஜெபகுமார்தான் முதலில் பதில் போட்டார். திருத்தத்தை ஏற்றுக்கொண்டதாகவும், பழைய வெர்ஷன்களுக்கும் போகும் என்றும் எழுதி, கடைசியில் தமிழில் "நன்றிம்மா" என்று சேர்த்திருந்தார். அன்றுவரை அந்த மெயில்களில் தமிழில் யாரும் எழுதி சுவேதா பார்த்ததில்லை. வாசலில் ஐஸ் உருகித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டலுக்கு மீன் போக வேண்டிய நேரம் தாண்டியிருக்கும். வச்சலா எழுந்திருக்கவில்லை.

"ஆபீஸ்ல வேற இன்னா தப்புலாம் பண்ணாரு?" என்று கேட்டாள்.

"அக்கா?"

"நீ பக்கத்துலயே குந்தினு இருந்தியே. உனக்குத் தெரியாமயா? சொல்லு. கேக்கணும் போல கீது."

சுவேதா தயங்கினாள். இரண்டு வருஷமாக அவனைப் பற்றி நல்லது மட்டுமே சொல்லிச் சொல்லி, மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தேடினாள். ஒன்று வந்தது.

"ஒரு தடவை, ஒரு போலிக் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணணும்னு கமாண்ட் அடிச்சாரு. ஸ்கிரீன் மாறி அடிச்சிட்டாரு. அதுங்க எல்லாத்தையும் தூக்கி வச்சிருந்த நிஜ மெஷினே ஆஃப் ஆயிடுச்சு. மாடி பூரா எல்லாரோட வேலையும் நின்னுபோச்சு. எல்லாரும் எழுந்து நின்னு என்னாச்சு என்னாச்சுன்னு கத்தறாங்க. இவரும் கூட எழுந்து நின்னு, 'கரண்ட் போச்சு போல கீதே'ன்னாரு."

வச்சலா அவளையே பார்த்தாள். "லைட்டு?"

"தலைக்கு மேல எரிஞ்சுக்கிட்டு இருக்கு. ஏசியும் ஓடுது."

வச்சலா சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காமல் சிரித்தாள். "அதே மனுசன்தான்," என்றாள். "அதே மனுசன்தான்." சிரித்துக்கொண்டிருந்தபோதே அது அழுகையாகிவிட்டது. சுவேதாவும் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு வச்சலா இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு சொல்லு," என்றாள்.